செட்டுக்குள் ஒரு சுமைதாங்கி

சேலத்தில் கடைக்காரரிடம் 'ஒரு செட்' என்று கேட்டால் தட்டுவடை வரும். இரண்டு தட்டுவடைக்கு நடுவே துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், சட்னி. இதே ஊரில் ஜிம்முக்குள் போய் 'ஒரு செட்' என்றால் அர்த்தம் வேறு. ஒரு எடையை இடைவிடாமல் சில தடவை தூக்கி இறக்குவது ஒரு செட். அதில் ஒவ்வொரு தடவையும் ஒரு ரெப். பத்து தடவை தூக்கி வைத்துவிட்டு, இரண்டு நிமிடம் உட்கார்ந்து, திரும்பவும் பத்து. இப்படி மூன்று முறை செய்தால் 'மூணு செட் பத்து'. எந்த ஜிம்மில் முதல் நாள் போய் நின்றாலும் காதில் விழுகிற மந்திரம் இதுதான்.

பயிற்சியாளனாக நானும் அந்த மந்திரத்தைக் கணக்கில்லாமல் சொல்லியிருக்கிறேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பத்து ரெப்பும் ஒரே மாதிரி இருப்பதில்லை. முதல் மூன்று சுலபமாக மேலே போகும். ஆறாவதில் முகம் மாறும். எட்டாவதில் முதுகு வளையத் தொடங்கும். பத்தாவதில் ஆள் எடையைத் தூக்குகிறாரா, எடை ஆளை இழுக்கிறதா என்றே தெரியாது. நோட்டில் 'பத்து' என்று எழுதிக்கொள்கிறோம். நியாயமாக எழுதினால் 'ஆறு நல்ல ரெப், நாலு எப்படியோ முடித்தது' என்றுதான் எழுதவேண்டும்.

அந்தக் கடைசி நாலையும் நல்ல ரெப்பாக மாற்ற ஒரு வழி இருக்கிறது. செட்டை நடுவில் ஓரிரு இடத்தில் உடைப்பது. இரண்டு மூன்று ரெப் செய்ததும் எடையைக் கீழே வைத்துவிட்டு, 15 முதல் 30 விநாடி நின்று, மறுபடி அதே எடையைத் தொடர்வது. இதற்கு கிளஸ்டர் செட் என்று பெயர். கிளஸ்டர் என்றால் கொத்து. வாழைத்தாரை நினைத்துக்கொண்டால் போதும்: தார் ஒரு செட், சீப்பு ஒரு கொத்து, பழம் ஒரு ரெப்.

பெயர்தான் புதுசு. செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் லீ பஜாரில் மூட்டை இறக்குபவர்களை ஒரு காலை வேளையில் நின்று பாருங்கள். லாரியிலிருந்து மூட்டையை முதுகில் வாங்கி, குடோனுக்குள் நடந்து, அட்டியில் சாய்த்துவிட்டு, கையை வீசிக்கொண்டு வெறும் ஆளாகத் திரும்பி வருவார். அந்த வெறுங்கை நடைதான் அவருடைய ஓய்வு. ஒரு மூட்டை, கொஞ்சம் மூச்சு, இன்னொரு மூட்டை. இப்படித்தான் ஒரு லாரி காலியாகிறது. 'மூட்டையை முதுகிலேயே வைத்துக்கொண்டு நிற்காமல் பத்து நடை நட, அப்புறம் மூன்று நிமிடம் உட்கார்ந்துகொள்' என்று அவரிடம் போய்ச் சொன்னால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்.

அதற்கும் முந்தைய சாட்சி சுமைதாங்கிக் கல். பழைய பாதை ஓரங்களில் இன்னும் சில இடங்களில் மிச்சம் இருக்கிறது. இரண்டு கல்லை நட்டு, அவற்றின் மேல் ஒரு கல்லைப் படுக்கவைத்திருப்பார்கள். வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்களின் நினைவாக அதை நட்டுவைக்கும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. தலைச்சுமையோடு வருகிறவர் குனியாமல், யாரையும் கை கொடுக்கக் கூப்பிடாமல், சுமையை அதன்மேல் நகர்த்தி வைத்துவிட்டு மூச்சு வாங்கலாம். போகும்போது குனியாமலே தலைக்கு ஏற்றிக்கொள்ளலாம். கல்லின் உயரத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இருபது விநாடியில் என்ன ஆகிவிடும்?

எல்லோரும் கேட்கிற கேள்வி இது. இருபது விநாடி என்பது நாலைந்து மூச்சு. அதற்குள் தசைக்குள் என்ன மாறிவிடப்போகிறது?

தசை சுருங்குவதற்கு ஏடிபி என்ற மூலக்கூறு வேண்டும். தசைக்குள் கையிருப்பாக இருக்கும் ஏடிபி, முழு வலுவோடு வேலை செய்தால் ஒருசில விநாடிகளுக்குத்தான் வரும். அது செலவாகச் செலவாக உடனே ஈடுகட்டித் தருவது பாஸ்போகிரியேட்டின் என்ற இன்னொரு சேமிப்பு. இதுவும் பெரிய கிடங்கு இல்லை. முழு முயற்சியில் ஏறக்குறைய பத்து விநாடிக்குள் பெரும்பகுதி தீர்ந்துவிடும். அப்புறம் தசை சர்க்கரையை உடைத்து ஏடிபி செய்கிறது. அந்த வழியில் சப்ளை வருகிறது, ஆனால் முன்பு இருந்த வேகத்தில் இல்லை. கூடவே ஹைட்ரஜன் அயனிகளும் பாஸ்பேட்டும் தசைக்குள் சேர்ந்து, இழுக்கும் வலுவைக் குறைக்கின்றன. செட்டின் பின்பாதியில் வருகிற எரிச்சலும் நடுக்கமும் இந்தக் கட்டத்தில்தான். (எல்லாப் பழியையும் 'லாக்டிக் ஆசிட்' மேல் போடுவது ஜிம் வழக்கம். லாக்டேட் பாவம், இதயமும் மற்ற தசைகளும் அதை எரிபொருளாக எடுத்துப் பயன்படுத்திக்கொள்கின்றன.)

பாஸ்போகிரியேட்டின் திரும்ப நிரம்புகிற விதத்தில்தான் விஷயமே இருக்கிறது. ஓய்வு தொடங்கியதும் வேகமாக ஏறும், போகப்போக மெதுவாகும். ஏறக்குறைய அரை நிமிடத்தில் பாதி வந்துவிடும். முழுதாக நிரம்ப மூன்று முதல் ஐந்து நிமிடம் ஆகும். ஆக, ஓய்வின் முதல் 20 விநாடியும் மூன்றாவது நிமிடத்தின் கடைசி 20 விநாடியும் ஒரே விலை இல்லை. முதல் 20 விநாடியில்தான் அதிகம் கிடைக்கிறது. கிளஸ்டர் செட் செய்வதெல்லாம் அந்த விலை உயர்ந்த முதல் விநாடிகளை அடிக்கடி வாங்கிக்கொள்வதுதான். இன்னொன்றும் உண்டு. இறுகிய தசை தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களையும் சேர்த்தே நெரிக்கும். எடையைக் கீழே வைத்த நொடியில் ரத்தம் தாராளமாகப் பாயும்.

இதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். 2003-இல் கிரெகரி ஹாஃப் என்ற ஆய்வாளரின் குழு, பளுதூக்குபவர்களையும் தடகள வீரர்களையும் கிளீன் புல் என்ற பயிற்சியைச் செய்யவைத்தது. பார்பெல்லை, அதாவது இரு முனையிலும் எடை மாட்டிய நீளக் கம்பியை, தரையிலிருந்து வேகமாக மேலே இழுக்கும் பயிற்சி அது. ஒரே மூச்சில் ஐந்து ரெப் செய்தபோது பார் மேலே போகும் வேகம் ரெப்புக்கு ரெப் குறைந்தது. ஒவ்வொரு ரெப்புக்கும் நடுவே 30 விநாடி கொடுத்தபோது அந்த வேகம் பெரும்பாலும் நிலைத்தது. அதற்குப் பிறகு இந்த இருபது வருடத்தில் வந்த பல ஆய்வுகளும் இதே திசையில்தான் பேசுகின்றன.

கணக்கு

80 கிலோவில் ஸ்குவாட், அதாவது தோளில் பாரைச் சுமந்து உட்கார்ந்து எழும் பயிற்சி, செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வழக்கமாக 4 செட், செட்டுக்கு 6 ரெப், நடுவில் 3 நிமிடம் ஓய்வு. கிளஸ்டராக மாற்றினால் 2 ரெப், 20 விநாடி, 2 ரெப், 20 விநாடி, 2 ரெப், அப்புறம் வழக்கமான 3 நிமிடம். நோட்டில் 2+2+2 என்று எழுதிக்கொள்ளலாம். எடை அதே 80. மொத்த ரெப் அதே 24. கூடுதலாகப் போனது செட்டுக்கு 40 விநாடி, ஆக மொத்தம் 2 நிமிடம் 40 விநாடி. அடிப்படையான வகை இதுதான்.

'அந்த ரெண்டே முக்கால் நிமிஷம்கூட என்னிடம் இல்லை' என்பவர்களுக்கு இன்னொரு வகை: ஓய்வைக் கூட்டாமல் பங்கிட்டுக்கொள்வது. 3 செட் 8 ரெப் செய்கிறீர்கள், நடுவே இரண்டு முறை 3 நிமிட ஓய்வு, மொத்தம் 6 நிமிடம். அதே 24 ரெப்பை ஆறு முறை நாலு நாலாகப் பிரித்தால் நடுவில் ஐந்து இடைவெளி வரும். 6 நிமிடத்தை ஐந்தாகப் பங்கிட்டால் இடைவெளிக்கு 72 விநாடி. வீட்டுக்குப் போகும் நேரம் மாறாது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நம் ஊர் ஜிம்களில் இருக்கிற கூட்டத்துக்கு இதுதான் ஒத்துவரும் என்பது என் எண்ணம்.

மூன்றாவதாக, எடையை ஏற்றுவதற்கும் இதைப் பயன்படுத்தலாம். ஐந்து தடவைக்கு மேல் தூக்க முடியாத எடை ஒன்று இருக்கிறது என்றால், அதை ஒவ்வொன்றாக, நடுவே 20, 30 விநாடி விட்டுத் தூக்கும்போது ஐந்தைத் தாண்ட முடியும். வலுவே குறிக்கோளாக உள்ளவர்கள் கனத்த எடையோடு கூடுதல் பழக்கம் பெறுவது இப்படித்தான். புதிதாக வருபவர்களுக்கு இது வேண்டாம். ஒரு வருடமாவது ஆகட்டும்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடவேண்டும். ரெஸ்ட் பாஸ் என்று இன்னொன்று இருக்கிறது. இனி ஒரு ரெப்கூட முடியாது என்கிற வரைக்கும் போய், 15, 20 விநாடி நின்று, திரும்பவும் முடியாது என்கிற வரைக்கும் போவது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் ஒன்று களைப்பைத் தள்ளிப்போடுகிறது, மற்றது களைப்பைத் தேடிப் போகிறது. யாராவது 'நானும் கிளஸ்டர்தான் பண்றேன், செம வலி' என்று சொன்னால் அவர் செய்வது பெரும்பாலும் ரெஸ்ட் பாஸ்.

பலன் எவ்வளவு, பில்டப் எவ்வளவு

நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். எடையும் மொத்த ரெப்பும் சமமாக இருந்தால், சில வாரம் கழித்து அதிகபட்ச வலுவில் கிளஸ்டர்காரருக்கும் வழக்கமான செட்காரருக்கும் பெரிய வித்தியாசம் இருப்பதில்லை. தசை பருமனிலும் அப்படியே. 'கிளஸ்டர் பண்ணுங்க, டபுளா ஏறும்' என்று யாராவது விற்றால் வாங்காதீர்கள். வித்தியாசம் தெளிவாகத் தெரிவது வேறு மூன்று இடத்தில்: ஒவ்வொரு ரெப்பின் வேகம், ஃபார்ம் (தூக்கும் முறை) குலையாமல் இருப்பது, முடித்தபின் உடம்பு உணரும் அலுப்பு. அதாவது ஏறக்குறைய அதே பலனைக் குறைந்த அவதியில் வாங்குவது. இளம் வயதில், ஆரோக்கியமாக இருப்பவருக்கு இது ஒரு சௌகரியம், அவ்வளவுதான். மற்றவர்களுக்கு இந்தச் சௌகரியமே பெரிய விஷயம். அதற்குத்தான் வருகிறேன்.

விளையாட்டில் வேகம் எப்படியும் முக்கியம். சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரரான மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். உயரம் தாண்டும் போட்டியில் யாரும் பத்துத் தாண்டலை ஒரே மூச்சில் தாண்டிக் காட்டுவதில்லை. ஒரு தாண்டல், நல்ல ஓய்வு, அடுத்த தாண்டல். ஒரே ஒரு முறை முழு வேகத்தில் வெடிக்கவேண்டிய வேலைக்கு, ஜிம்மிலும் களைத்துப்போன ரெப்களைக் குவிப்பதைவிடப் புத்துணர்ச்சியான ரெப்களைச் சேர்ப்பதே பொருத்தம். கபடி, வாலிபால் ஆடுகிற பிள்ளைகளுக்கு நான் குதிக்கும் பயிற்சி கொடுக்கும்போது மூன்றுக்கு மேல் தொடர்ச்சியாக விடுவதில்லை.

பிறகு ரத்த அழுத்தம். 1985-இல் கனடாவில் மெக்டூகல் என்பவரின் குழு, உடற்கட்டு வீரர்கள் ஐந்து பேரின் ரத்தக்குழாய்க்குள்ளேயே கருவியைப் பொருத்தி, எடை தூக்கும்போது அழுத்தத்தை அளந்தது. லெக் பிரஸ் மெஷினில் எடையை இரண்டு காலாலும் தள்ளியபோது சராசரி உச்சம் 320/250. ஒருவருக்கு 480/350-ஐத் தாண்டியது. 120/80 என்று கேட்டுப் பழகிய காதுக்கு இது நம்பமுடியாத எண். கனத்த எடையோடு முடியாத எல்லை வரை போனபோது, மூச்சை அடக்கி வயிற்றை இறுக்கியபோது, சில நொடிகள் வந்துபோன உச்சம் அது. ஆரோக்கியமான இளைஞனின் உடம்பு இதைத் தாங்கிக்கொள்ளும். கவனிக்கவேண்டியது, செட் தொடங்கியதிலிருந்து அழுத்தம் ரெப்புக்கு ரெப் படியேறி, கடைசி ரெப்களில் உச்சிக்குப் போகிறது என்பதை. படியேறும் நடுவில் எடையை வைத்துவிட்டால் அது இறங்கத் தொடங்கும். அதனால்தான் எடையையும் மொத்த ரெப்பையும் மாற்றாமல் சின்னக் கொத்துகளாகப் பிரித்தபோது உச்ச அழுத்தம் குறைவாக இருந்ததாகப் பல ஆய்வுகளில் வந்திருக்கிறது. ஏற்கெனவே பிரஷர் மாத்திரை சாப்பிடும் ஐம்பது வயதுக்காரருக்கு எட்டை ஒரே மூச்சில் முக்கி முடிப்பதைவிட இரண்டிரண்டாக நாலு தடவை செய்வது நல்லது என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

ஆனால் 'பிரிச்சாச்சு, இனி எவ்வளவு கனமும் தூக்கலாம்' என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. மூச்சை அடக்கித் தூக்கும் ஒற்றை ரெப்பிலும் அழுத்தம் எகிறும். தூக்கும்போது மூச்சை விடவேண்டும், எடை நடுத்தரமாக இருக்கவேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே 180/110-ஐத் தாண்டுகிற அழுத்தம், அண்மையில் வந்த நெஞ்சுவலி, சர்க்கரை நோயால் கண்ணின் விழித்திரை ரத்தக்குழாய்களில் முற்றிய பாதிப்பு, இவற்றில் எது இருந்தாலும் மருத்துவர் சொல்லாமல் எடைப் பக்கமே போகவேண்டாம்.

பெரியம்மாவும் நாற்காலியும்

என் பெரியம்மா ஏற்காட்டில் இருக்கிறார். வயது 68. இரண்டு வருடத்துக்கு முன் வலது முழங்காலில் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை. ஆபரேஷன் நன்றாக முடிந்தது. ஆனால் இந்த மாதிரி சிகிச்சைக்குப் பின் தொடையின் முன்பக்கத் தசை வெகுவாக வலு இழந்துபோகும். மூட்டு புதுசு, அதைப் பிடித்து நிறுத்தவேண்டிய தசை தூங்கிக்கொண்டிருக்கும். பிசியோவைப் பார்க்க வாரத்துக்கு ஒருமுறை இருபது கொண்டை ஊசி வளைவையும் இறங்கிச் சேலம் வந்து, திரும்பவும் இருபது ஏறவேண்டும். பெரியம்மாவுக்கு பஸ்ஸில் வாந்தி வேறு. ஆக, வீட்டில் செய்கிற பயிற்சிதான் மீதி ஆறு நாளும்.

பயிற்சி ரொம்பச் சாதாரணமானது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, நின்று, மெதுவாக உட்காருவது. பத்து தடவை என்று சீட்டில் இருந்தது. நான் போய்ப் பார்த்த அன்று நாலாவதிலேயே உடம்பு இடது பக்கம் சாய்ந்தது. அதாவது, நல்ல கால் வேலையை எடுத்துக்கொண்டுவிட்டது. ஆறாவதில் தொப்பென்று விழுந்து உட்கார்ந்தார். "பத்து எண்ணியாச்சு, காபி போடட்டுமா?" என்றார். எண்ணினது ஏழு.

அடுத்த முறை பிசியோவிடம் இதைச் சொன்னோம். அவர் யோசிக்கவேயில்லை. "ரெண்டு ரெண்டாப் பண்ணுங்கம்மா. ரெண்டு எழுந்ததும் உக்காந்து நாலு மூச்சு விடுங்க. அப்புறம் அடுத்த ரெண்டு. அஞ்சு வாட்டி" என்றார். கிளஸ்டர் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. வந்திருந்தால் பெரியம்மா பயந்திருப்பார். கூடவே, நாற்காலிமேல் ஒரு கம்பளியை மடித்துப் போட்டு உயரத்தைக் கூட்டச் சொன்னார். உயரமான இடத்திலிருந்து எழுவது சுலபம்.

எனக்குச் சட்டென்று புரிந்தது அப்போதுதான். களைத்த தசை வேலையை நிறுத்துவதில்லை, பக்கத்தில் இருப்பவர் தலையில் கட்டிவிடுகிறது. மறுவாழ்வுப் பயிற்சியில் அது ஆபத்து. பலவீனமான கால் தப்பித்துக்கொண்டால் பத்து என்ன, நூறு ரெப் செய்தாலும் அந்தக் கால் தேறாது. இரண்டோடு நிறுத்தும்போது அந்த இரண்டையும் வலது கால்தான் செய்தாகவேண்டும். முழங்கால் தசைநார் அறுந்து தைத்துக்கொண்ட கால்பந்து ஆட்டக்காரர்களுக்கும் இதே கதைதான். மூச்சிரைப்பு நோய் உள்ளவர்களுக்கோ கால் களைக்கும் முன்பே மூச்சு திணறிவிடும், அவர்களுக்கு இடைவெளி மூச்சுக்காக.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 'மூணு செட் பத்து' பிறந்த இடமே ஒரு ஆஸ்பத்திரிதான். இரண்டாம் உலகப் போர் நேரத்தில் அமெரிக்க ராணுவ மருத்துவரான தாமஸ் டிலோர்ம், சிகாகோவில் முழங்கால் அடிபட்டுக் கிடந்த சிப்பாய்களுக்கு எடை கொடுத்துப் பயிற்சி செய்யவைத்தார். அடிபட்ட காலுக்கு ஓய்வுதான் மருந்து என்று பலர் நம்பிய காலம். அவர் முதலில் கொடுத்தது ஏழு முதல் பத்து செட். அது அதிகம் என்று கண்டு, 1948-இல் ஆர்தர் வாட்கின்ஸோடு சேர்ந்து மூன்று செட்டாகக் குறைத்தார். பத்து ரெப் மட்டுமே முடிகிற எடையில் முதலில் பாதி, பிறகு முக்கால், கடைசியில் முழுசு. அதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து இறங்கி உலகத்து ஜிம்மெல்லாம் பரவியது. வரும் வழியில் பாதி, முக்கால் எல்லாம் உதிர்ந்து, மூணும் பத்தும் மட்டும் மிஞ்சிவிட்டது. டிலோர்மே தன் கணக்கை ஆளைப் பார்த்து மாற்றிக்கொண்டவர். நாம் அதை வேதமாக்கிவிட்டோம்.

வயதானவர்களுக்குச் சொல்ல இன்னும் ஒன்று இருக்கிறது. வயது ஏற ஏற வலு குறையும், அதைவிட வேகமாகக் குறைவது வலுவை டக்கென்று வெளிக்காட்டும் திறன். குளியலறையில் கால் வழுக்கும்போது தேவைப்படுவது அதுதான். மெதுவாக எவ்வளவு கனம் தூக்குவீர்கள் என்று வழுக்குகிற தரை காத்திருந்து கேட்காது. அதனால் நாற்காலியிலிருந்து எழும்போது வேகமாக எழுந்து, உட்காரும்போது மெதுவாக உட்காரச் சொல்கிறோம். வேகமாக எழுவது களைப்பில்லாமல் இருந்தால்தான் முடியும், அதற்கு இரண்டிரண்டு தோது. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் தந்த வழிகாட்டலில் பெரியவர்கள் எல்லோருக்கும் வாரத்தில் இரண்டு நாளாவது தசையை வலுப்படுத்தும் பயிற்சி வேண்டும் என்கிறது. 65-ஐத் தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாள், சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சி. காலையில் நடக்கிறேனே போதாதா என்பவர்களுக்கு: நடை நல்லது, ஆனால் அது இந்தக் கணக்கில் வராது.

செய்து பார்க்கிறவர்களுக்கு

எந்தப் பயிற்சியை உடைக்கலாம் என்று தெரிந்துகொள்ளவேண்டும். பாரைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் தானாகவே உடைந்து கிடக்கிறது, பார் தரைக்குத்தான் வருகிறது, அங்கேயே விட்டுவிடலாம். லெக் பிரஸ், கேபிள், மெஷின் எல்லாம் சுலபம். நாற்காலியிலிருந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுப்பது இன்னும் சுலபம். ஸ்குவாட்டும், மல்லாந்து படுத்துப் பாரை மேலே தள்ளும் பெஞ்ச் பிரஸ்ஸும்தான் கொஞ்சம் சிக்கல். ஒவ்வொரு கொத்துக்கும் பாரை ஸ்டாண்டில் வைத்து எடுக்கவேண்டும். தோளில் பாரைச் சுமந்துகொண்டே இருபது எண்ணுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது ஓய்வு இல்லை, அது நின்றுகொண்டே செய்யும் தண்டனை.

சுமைதாங்கிக் கல்லின் உயரம் இங்கேதான் வருகிறது. ஸ்டாண்டின் கொக்கி தோளைவிடச் சற்றே கீழே, நெஞ்சின் மேல்பகுதிக்கு நேராக இருக்கவேண்டும். கொக்கி உயரமாக இருந்தால் ஒவ்வொரு முறையும் நுனிக்காலில் எக்கி வைக்கவேண்டிவரும். ஒரு செட்டில் ஒரு தடவை எக்கினால் பரவாயில்லை, மூன்று தடவை எக்கினால் ஒருநாள் ஒருபக்கம் தவறும். டம்பெல்லைத் தரையில் வைக்காமல் பெஞ்சின் மேலோ முட்டி உயர மேடையிலோ வைத்துக்கொள்ளுங்கள். கல் நட்டவர்களுக்குத் தெரிந்த விஷயம், தரையில் வைத்தால் குனிந்து எடுப்பதிலேயே பாதி உயிர் போய்விடும். பெஞ்ச் பிரஸ்ஸுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் நிற்கட்டும். தனியாக என்றால் டம்பெல் போதும்.

தொடக்கத்துக்கு, ஒழுங்காகப் பத்து தடவை தூக்க முடிகிற எடை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 3+3+3, நடுவே 20 விநாடி. இப்படி மூன்று செட், செட்டுக்கு நடுவே இரண்டு நிமிடம். கடைசிக் கொத்தும் முதல் கொத்தின் அதே வேகத்தில் போகிறதா என்று மட்டும் பாருங்கள். அடுத்தடுத்து இரண்டு நாள் அப்படிப் போனால் இரண்டரை கிலோ கூட்டலாம். போகவில்லை என்றால் ஓய்வை 30 ஆக்குங்கள், அல்லது எடையைக் குறையுங்கள். இரண்டையும் சேர்த்துச் செய்தால் எது உதவியது என்று தெரியாமல் போய்விடும்.

விநாடியை எண்ணப் போனை எடுக்காதீர்கள். எடுத்தால் வாட்ஸ்அப் திறக்கும், இருபது விநாடி இரண்டு நிமிடமாகும். சுவர்க் கடிகாரம், இல்லையென்றால் நாலைந்து ஆழ்ந்த மூச்சு.

எல்லாவற்றையும் உடைத்துத் தள்ளவும் வேண்டாம். பைசெப்ஸ் கர்ல் மாதிரிச் சின்ன வேலைக்கு இது வீண். நீண்ட நேரம் தாங்கும் சக்திதான் உங்கள் தேவை என்றால் களைப்போடு பழகுவதே பயிற்சி, அதைத் துண்டாக்கினால் நோக்கமே கெட்டுவிடும். எப்போதுமே இரண்டு மூன்று ரெப் மிச்சம் வைத்துச் செட்டை நிறுத்துகிற ஆள் நீங்கள் என்றால், உங்களுக்கும் இதனால் பெரிதாக ஒன்றும் மாறாது. பயிற்சியின் நடுவே நெஞ்சில் பாரம், தலைசுற்றல், மூட்டில் குத்துகிற மாதிரி வலி, ஆபரேஷன் ஆன காலின் கெண்டைச் சதையில் புதிதாக வீக்கம் என்று எது வந்தாலும் 20 விநாடி ஓய்வு அதற்கு மருந்து இல்லை. நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்கவேண்டும்.

பெரியம்மா இரண்டிரண்டாக ஐந்து தடவையில் தொடங்கி, மும்மூன்றாக நாலு தடவைக்கு வந்து, இப்போது ஐந்தைந்தாக இரண்டு தடவையில் நிற்கிறார். போன மாதம் ஏற்காடு போயிருந்தபோது நாற்காலிமேல் மடித்துப் போட்டிருந்த கம்பளியைக் காணோம். பிசியோ எடுக்கச் சொன்னாரா என்று கேட்டேன்.

"அதெல்லாம் யாரும் சொல்லலை கண்ணு. ராத்திரி குளிருச்சு, எடுத்துப் போத்திக்கிட்டேன்" என்றார். திரும்பப் போட அவருக்கு ஞாபகமே வரவில்லை.